பட்டாணிக்கு இன்னும் ஏழு வயது

1957 பிப்ரவரி 11

நீலக் கவுனின் கீழ்மடிப்பை இன்று மறுபடியும் பிரித்தேன். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை. உள்ளே இன்னும் அரை அங்குலம்தான் துணி மிச்சம். அதற்குப் பிறகு? பட்டாணி வளரக் கூடாது என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டியதுதான். நான் சொல்ல மாட்டேன்.

என் தம்பி மகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, இவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வேலைக்கு வரும்போது கையோடு கூட்டிவந்துவிட்டேன். ஸ்டூடியோவின் காஸ்ட்யூம் அறையில் துணிக்குவியல் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டைரக்டருக்கு அன்றைக்கு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு தும்முவதற்கு ஒரு குழந்தை வேண்டும். வர வேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல். இவளை எழுப்பி உட்கார வைத்தார்கள். "தும்மு பாப்பா" என்றார். தும்மினாள். "இன்னொரு தரம்." ஆறு தடவை தும்மினாள், ஆறும் ஆறு தினுசு. "பட்டாணி சைஸ்ல இருந்துக்கிட்டு என்ன போடு போடுது!" என்றார் கேமராக்காரர். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பதினெட்டுப் படம் ஆகிவிட்டது. சுவரொட்டியில் கதாநாயகன் பெயருக்கு மேலே இருக்கிறாள்.

கூட்டிவந்தது நான்தான். பெருமைப்படும் நாளிலும் அதுதான் ஞாபகம் வருகிறது, பயப்படும் நாளிலும் அதுதான்.

பிப்ரவரி 12

பிச்சைக்காரன் உடை மூன்று. புதுத்துணி வாங்கி, கிழித்து, அழுக்காக்கி, ஒட்டுப் போட வேண்டும். ராஜா உடைக்கு இதில் பாதி வேலைகூடக் கிடையாது.

மார்ச் 3

பட்டாணியின் மேல்வரிசைக் கோரைப்பல் விழுந்துவிட்டது. அதுவும் பாதிக் காட்சியில். நேற்று எடுத்த காட்சியில் பல் இருக்கிறது, இன்று இல்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டரைக் காரில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பொய்ப்பல் தயார்.

அதை மாட்டிக்கொண்டு அப்பாவாக நடிப்பவரைப் பார்த்து ஒரு பெரிய சிரிப்புச் சிரிக்க வேண்டும். சிரித்தாள். பல் பறந்துபோய் அவருடைய தேநீர்க் கோப்பையில் விழுந்தது. அவர் கவனிக்காமல் கோப்பையை எடுத்து வாயில் வைக்கப் போக, "ஐயோ அப்பா, குடிக்காதீங்க, உள்ள நான் இருக்கேன்!" என்று கத்தினாள். செட்டே உருண்டு புரண்டு சிரித்தது. விளக்குக்காரர் மேலே இருந்து விழாமல் இருந்தது பெரிய காரியம்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "அத்தை, நான் சொன்னது படத்துல வருமா?"

"வராதும்மா. கதையில இல்லையே."

"கதையை விட அது நல்லா இருந்துச்சே?"



ஏப்ரல் 20

இன்று பட்டாணிக்குப் பிறந்தநாள். பத்து முடிந்தது.

ஸ்டூடியோவில் கேக் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். மேலே ஏழு மெழுகுவர்த்தி. போன வருஷமும் ஏழுதான். "ஏழு வயசுன்னா தூக்கி வச்சுக்கணும்னு தோணும், பத்துன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு தோணும்" என்றார் டைரக்டர். அவர் கெட்டவர் இல்லை. வாயில் போட்டுக்கொள்ள அவளுக்கு எப்போதும் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருப்பார். சத்தம் போட்டுப் பேசியதுகூட இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பி மனைவி ஒரு பன்னை எடுத்து, அதன் மேல் மூன்று மெழுகுவர்த்தி குத்திக் கொண்டுவந்து வைத்தாள். "மிச்சத்தை இங்க ஊது" என்றாள். பட்டாணி ஊதினாள். இரட்டையர் இருவரும் பன்னைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். தம்பி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

ஏப்ரல் 29

புது செட் பார்த்தேன். ஒரு வீட்டின் கூடம். உள்ளே போனதும் எனக்கே என்னவோ போல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. கதவுக் கைப்பிடி என் தோள் உயரத்தில். மேஜைமேல் இருக்கும் கூஜா குடம் அளவு. நான் ஏதோ சுருங்கிவிட்டேன் என்று ஒரு நிமிஷம் பயந்தே போனேன். தச்சர் சிரித்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணேகால் மடங்கு பெருசா செய்யச் சொன்னாங்கக்கா. பாப்பா சின்னதா தெரியணுமாம்."

"அப்பாவா நடிக்கிறவரு?"

"அவருக்கு உயரமான செருப்பு. அம்மாவுக்கும்தான்."

ஒரு குழந்தையைக் குட்டையாக்க ஒரு வீட்டையே வளர்க்கிறார்கள்.

ஜூன் 8

மாதம் ஒரு முறை பட்டாணியைக் கதவோரம் நிறுத்தி அளந்து, அளவு நோட்டில் எழுதி, டைரக்டரின் உதவியாளரிடம் கொடுக்க வேண்டும். இன்று நாலடி நாலங்குலம். போன மாதத்தைவிட அரை அங்குலம் கூட.

"அத்தை, எவ்வளவு?"

சொன்னேன்.

அவள் முகம் அப்படி மாறும் என்று எதிர்பார்க்கவில்லை. பரீட்சையில் தோற்றவள் மாதிரி.

"போன மாசம் எழுதினதையே எழுதேன். ப்ளீஸ் அத்தை. யாரு வந்து அளக்கப் போறாங்க?"

"எதுக்குடி?"

"வளர்ந்துட்டா வேற பாப்பா வந்துடும்னு மேக்கப் அறையில பேசிக்கிட்டாங்க."

எழுதினேன். போன மாத அளவையே எழுதினேன். பொய்க்கணக்கு எழுதியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஜூன் 9

எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 14

கறுப்பு ஷூவுக்குள் காலைத் திணிக்கவே கால்மணி நேரம் ஆகிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கித் தரச் சொன்னேன். "க்ளோஸப்ல கால் வருது, பெருசா தெரியும்" என்றார் உதவியாளர். பட்டாணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். சாயங்காலம் கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டேன். அழவில்லை. கேமரா முன்னால் எப்போது வேண்டுமானாலும் அழக்கூடியவள், வீட்டில் அழுவதே இல்லை. கவனித்திருக்கிறேன்.

ஜூலை 30

பட்டாணி சாப்பிடுவதில்லை. தம்பி மனைவிதான் கண்டுபிடித்தாள். வீட்டில் "ஸ்டூடியோவுல சாப்பிட்டேன்", ஸ்டூடியோவில் "வீட்டுல சாப்பிட்டேன்". பால் டம்ளரை இரட்டையருக்கு ஊற்றிக் கொடுத்துவிடுகிறாளாம். இரட்டையர் கன்னம் இரண்டும் ஏன் இப்படிப் பளபளவென்று உப்பி நிற்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

"யாருடி சொன்னது உனக்கு?" என்று அம்மாக்காரி கேட்டதற்கு, "யாரும் சொல்லல. பால் குடிச்சா எலும்பு வளரும்னு பாடப் புத்தகத்துல போட்டிருக்கு" என்றாளாம். மூன்றாம் வகுப்புப் புத்தகம். அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

தம்பியிடம் பேசினேன். பேசினேன் என்ன, சண்டை போட்டேன்.

இன்னும் மூன்று படத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஸ்டூடியோ முதலாளி கூப்பிட்டிருக்கிறாராம். செப்டம்பர் மூன்றாம் தேதி, செட்டிலேயே, பத்திரிகைக்காரர்கள் முன்னால்.

"மூணு படம்னா ரெண்டு வருஷம்டா. ரெண்டு வருஷம் அவ சாப்பிடாம இருப்பாளா?"

"சாப்பிடக் கூடாதுன்னு நான் தடுத்தேனா? நீங்க ஆளாளுக்கு என்னை வில்லனாக்காதீங்கக்கா."

"உனக்குத் தெரியலையா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "பஸ்ல நான் டிக்கெட் கிழிச்சப்ப ஒருத்தன்கூட என் முகத்தைப் பார்த்தது கிடையாது. இப்ப தெருவுல போனா, 'பட்டாணி அப்பா'ன்னு கை குடுக்கறாங்க. அவளும் சந்தோஷமாத்தானே இருக்கா? போய்க் கேளு. சினிமா வேண்டாம்னு அவ சொல்லட்டும், நாளைக்கே நிறுத்திடறேன்."

அவள் சொல்ல மாட்டாள். அதுதான் விஷயமே. அவளுக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். விளக்குகள் எரிந்து, "அமைதி!" என்று குரல் வந்ததும் அவள் முகம் மலர்வதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பிடித்ததைப் பிடுங்குவது பாசமா? பிடித்தது அவளைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது பாசமா?

தம்பி என் கையில் வளர்ந்தவன். கெட்டவன் என்று எழுத எனக்குக் கை வராது. அவன் கெட்டவனும் இல்லை.

ஆகஸ்ட் 22

மயங்கி விழுந்துவிட்டாள்.

மாடிப்படி இறங்கி ஓடி வர வேண்டிய காட்சி. மூன்றாவது தடவை ஓடிவந்தபோது கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்தாள், சாய்ந்தாள். நல்லாத்தான் நடிக்கிறாள் என்று ஒருவரும் அசையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை — கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கேமராக்காரர்தான் முதலில் கத்தினார்: "நிறுத்துங்கய்யா, இது நடிப்பு இல்ல!"

டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். என்ன வியாதி என்று டைரக்டர் கேட்டார்.

"பசி" என்றார் டாக்டர்.

டைரக்டர் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்தார். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 23

இரண்டு டம்ளர் பால். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். குடித்து முடித்ததும், "இப்ப சந்தோஷமா?" என்றாள். வெறுப்பாகத்தான் சொன்னாள். பரவாயில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் முழுக்கத் தைத்தேன். மூன்றாம் தேதி அவள் போட்டுக்கொள்ள வேண்டிய கவுன். நீலம்தான், ஆனால் புதுத்துணி; என் சொந்தக் காசில் வாங்கியது. உதவியாளர் கொடுத்த அளவுத்தாளை ஓரமாக வைத்துவிட்டேன். அவளுக்கு உண்மையில் தோள் எங்கே இருக்கிறதோ அங்கே தோள். இடுப்பு இருக்கும் இடத்தில் இடுப்பு. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் நீளம். கடைக்குப் போய்க் கறுப்பு ஷூ ஒரு ஜோடி, இரண்டு அளவு பெரியது.

யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்.

வேலை போனால் போகட்டும்.

செப்டம்பர் 3

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணி. பட்டாணி வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள் — கவுன் அக்குளில் பிடிக்கும், அந்தப் பழக்கம். மாட்டினேன். பிடிக்கவில்லை. மூச்சை விட்டாள். மறுபடியும் இழுத்து விட்டாள். கையை முன்னே நீட்டினாள், மேலே தூக்கினாள், சுற்றினாள்.

"அத்தை, இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

ஷூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள். நின்றாள். கண்ணாடிக்குள் ஒரு வளர்ந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். நீண்ட கால், நீண்ட கழுத்து. எனக்கே புதிதாக இருந்தது. மாதாமாதம் அளந்தவள் நான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுடும்" என்றாள் மெதுவாக.

"தெரியட்டும்."

"வேற கவுன் குடு அத்தை."

"வேற இல்ல."

பொய் இல்லை. பழையதை நான் கொண்டுவரவில்லை.

வெளியே கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள், முதலாளி, புதுச்சட்டை போட்ட தம்பி. அவள் முதலில் தோளைக் குறுக்கி, முழங்காலை மடக்கி, அந்தப் பழகிய குட்டை நடையில்தான் போனாள். கேமராவுக்கு முன்னால் சுண்ணாம்புக்கோடு போட்ட இடம் வந்தது. அங்கே நின்றாள். விளக்கு எரிந்தது. அப்போது — ஏன் என்று தெரியவில்லை, நான் எதுவும் சைகை காட்டவில்லை, சத்தியமாக — அவள் முழங்காலை நிமிர்த்தினாள். முதுகை நிமிர்த்தினாள். அப்பாவாக நடிப்பவரின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டாள்.

ஒரு பத்திரிகைக்காரர் வாய்விட்டே கேட்டார்: "இதுதான் பாப்பாவா?"

முதலாளி டைரக்டரைப் பார்த்தார், டைரக்டர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராக்காரர் மட்டும் சொன்னார். "லென்ஸை மாத்தி மாத்தி நானும் ஆறு மாசமா ஏமாத்திக்கிட்டு இருக்கேன் சார். இனிமே என்னாலயும் முடியாது."

கையெழுத்து ஆகவில்லை.

செப்டம்பர் 4

தம்பி பேசவில்லை.

செப்டம்பர் 5

பட்டாணி பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"நீ சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல? எல்லாரும் எனக்கே தெரியாம என்னை என்னவோ பண்றாங்க. நீயும் அதே மாதிரிதான்."

மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, நான் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சீங்க" என்றாள். அதனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. பட்டாணி சொன்னது சரிதானே.

செப்டம்பர் 19

மிச்சமிருந்த நான்கு காட்சிகளைச் சுருக்கி, நெஞ்சுக்கு மேல் மட்டும் எடுத்து, படத்தை முடித்துவிட்டார்கள். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. "உங்களை அனுப்பிட்டா பிச்சைக்காரன் உடையை யாரு தைப்பாங்க?" என்றார் டைரக்டர். கிண்டலா, மன்னிப்பா, இரண்டும்தானா — தெரியவில்லை.

அக்டோபர் 10

புதுப் பாப்பா வந்திருக்கிறது. நான்கரை வயது. கண் இரண்டும் கருவண்டு மாதிரி. பழைய நீலக் கவுனை அதற்குத் தகுந்தமாதிரி வெட்டித் தரச் சொன்னார்கள்.

வெட்டினேன். கீழ்மடிப்பில் நான் பிரித்துப் பிரித்துத் தைத்த கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து. கத்தரி அதன் மேலேயே போனது. அந்தக் குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்து, "நீங்க எனக்கும் அத்தையா?" என்று கேட்டது.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது.

அதன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வயசை மட்டும் மறைக்காதீங்க என்றேன். தலையாட்டினாள். கேட்டாளா என்று தெரியாது.

1958 ஜனவரி 17

பட்டாணியை ஐந்தாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்பே அவளுக்குத் தெரியாது; தலைமையாசிரியை பெருந்தன்மையாக ஒரு படி தூக்கிவிட்டார். பாடத்தை ஒரு முறை படித்தால் மனப்பாடம், பத்துப் பக்க வசனம் சொன்ன வாயாயிற்றே. கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

இன்று அவள் பையைத் துவைக்கக் கவிழ்த்தபோது உள்ளே பதினோரு பென்சில். தம்பி மனைவி பதறிவிட்டாள், திருட்டோ என்று.

"திருடல. சம்பாதிச்சேன்" என்றாள்.

இடைவேளையில் பிள்ளைகள் சுற்றி நின்று "அழுது காட்டு, அழுது காட்டு" என்கிறார்களாம். ஓர் அழுகைக்கு ஒரு பென்சில். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் கண்ணீர் வந்தால் இரண்டு பென்சில்.

சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்தான். நான்கு மாதமாக இறுகிப் போயிருந்த முகம். "கான்ட்ராக்ட் யாரு போட்டுக் குடுத்தது?" என்றான்.

"நானே போட்டுக்கிட்டேன். அப்பா அங்க இருந்தா இன்னும் கொறைச்சுப் பேசியிருப்பாரு."

புரையேறும் வரைக்கும் சிரித்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான். "போதும்க்கா" என்றான். தண்ணீரைத்தான் சொன்னான். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டான்.

பிப்ரவரி 6

தம்பி மறுபடியும் பஸ் வேலைக்குப் போகிறான். முதல்நாளே ஆறு பேர் கை கொடுத்தார்களாம். "டிக்கெட்டுக்கு சில்லறை மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றான்.

மார்ச் 23

கடைசிப் படம் வெளிவந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்று காலை பட்டாணி என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். ஆறு மாதத்தில் முதல்தடவையாக அவளாக வந்து நின்றது.

"அத்தை, படம் பார்க்கக் கூட்டிட்டுப் போறியா? அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம். நீ மட்டும்."

பகல் காட்சிக்குப் போனோம். யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று தலையில் துணி கட்டிக்கொண்டாள். ஒருவருமே கண்டுகொள்ளவில்லை. டிக்கெட் கொடுத்தவர் அவளைப் பார்த்தே, "பட்டாணி பிரமாதமா நடிச்சிருக்கும்மா, கைக்குட்டை எடுத்துட்டு வந்தியா?" என்றார். துணியை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அப்பாவைப் பிரிந்து வாசலில் நின்று அழும் காட்சி வந்தது. கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பக்கத்து நாற்காலி அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதார். பட்டாணி என் காதுக்குள் சொன்னாள்:

"அது நடிப்பு இல்ல அத்தை. ஷூ கடிச்சுது."

இருட்டு, நல்லதாகப் போயிற்று.

"உன்னைக் கேட்டிருக்கணும்டி. கேட்காம செஞ்சது தப்பு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏழு வயதுக்காரி பெரிய பெரிய நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் கேட்டிருக்கணும்" என்றாள்.

இடைவேளையில் இரண்டு பன் வாங்கினேன். என்னுடையதிலும் பாதியைத் தின்றாள்.

1961 ஏப்ரல் 20

பதினான்கு. கேக்கில் பதினான்கு மெழுகுவர்த்தியும் இருந்தன. அவள் குனிவதற்குள் இரட்டையர் பாதியை ஊதிவிட்டார்கள்.

1965 ஆகஸ்ட் 9

ரொம்ப நாளாகவே மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். கதாநாயகியாக முயற்சி பண்ண வேண்டும் என்றாள். பதினெட்டு வயது, அவள் ஆசை, அவள் முடிவு. இந்த முறை யாரும் குறுக்கே நிற்கவில்லை. அவள் கேட்ட மாதிரியே புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன்.

டைரக்டருக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. பழைய பாசத்தோடு ஒத்திகை ஷாட் எடுத்தார். நான் தூண் ஓரம் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் நடித்தாள். பொய் சொல்லவில்லை, நன்றாக நடித்தாள். ஆனால் காதல் வசனம் சொல்லும்போது விளக்குக்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள் — கல்யாண வீட்டில் குழந்தை பெரியவள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தால் எல்லோரும் சிரிப்பார்களே, அப்படி.

முடிந்ததும் டைரக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. ஜனங்க உன்னை இடுப்புல தூக்கி வச்சிருக்காங்க. இறக்கிவிட மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நானே இறங்கிக்கறேன் சார்" என்றாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வரவில்லை. மூக்கெல்லாம் சிவந்து, முகமெல்லாம் கோணி, அசிங்கமாக அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தலையைத் தடவிக்கொண்டே வந்தேன்.

1966 மே 30

தபால் ஆபீஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். கணக்கிலும்!

1968 நவம்பர் 4

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க இனி சண்டை இல்லை. பட்டாணி ஆபீசில் பதிவுத்தபால் கவுண்டரில் உட்கார்கிறாள். தபாலை நிறுத்துப் பார்க்காமலே எடை சொல்கிறாளாம். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் பந்தயம் கட்டுகிறார்களாம்.

1971 அக்டோபர் 16

இன்று தபால் ஆபீஸ் ஊழியர்களின் ஆண்டுவிழா நாடகம். பட்டாணி நடிக்கிறாள் என்பதே போன வாரம்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டதற்கு, "சின்ன வேஷம்தான், வந்தா வாங்க, வராட்டி போங்க" என்றாள். தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். தம்பி மனைவியும் இரட்டையரும் நானும் மூன்றாவது வரிசை.

சின்ன வேஷமாம்! குடித்தனக்காரர்களைப் பாடாய்ப்படுத்தும் சிடுசிடுப்பான வீட்டுச் சொந்தக்காரர். கிழவர் வேஷம். முதல் காட்சியில் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். சிரிப்பு. அவளைப் பார்த்து எல்லோரும் அழுதுதான் எனக்குப் பழக்கம். இப்படி நானூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது அங்கத்தில் செட்டுக் கதவு மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. உதைத்தாள், வரவில்லை. பக்கத்தில் வேலி என்று அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினாள், தன் நீளக்காலை ஒரு எட்டு வைத்துத் தாண்டினாள், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "என் வீட்டுக் கதவுக்கே என்னைக் கண்டா ஆகல. நீங்க எல்லாம் எப்படித்தான் குடியிருக்கீங்க?"

இது கதையில் இருந்திருக்க முடியாது. கொட்டகை இரண்டு நிமிஷம் அடங்கவில்லை. தம்பி எழுந்து நின்று கைதட்டினான். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முன்வரிசை அம்மாள் ஒருவர் திரும்பி, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"என் மருமக. தம்பி பொண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நாடகம் முடிந்து, அரிதாரத்தை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நல்லா நடிக்கிறியே, சினிமாவுல முயற்சி பண்ணக் கூடாதா? எங்கேயோ போயிடுவே!"

நாங்கள் ஐந்து பேரும் பட்டாணியைத் திரும்பிப் பார்த்தோம்.

பட்டாணி சிரித்தாள். "எங்கேயும் போக முடியாதுங்க. காலைல எட்டு மணிக்குக் கவுண்டர் திறக்கணும்."

நடந்தே வீடு திரும்பினோம். அவளும் தம்பியும் முன்னால், காட்சி காட்சியாக நாடகத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு. முனையில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு எனக்காக நின்றாள். அடுத்த வருஷம் என்ன நாடகம் என்று கேட்டேன்.

"இன்னும் முடிவாகல அத்தை. எதுவா இருந்தாலும் எனக்கு மாமியார் வேஷம்தான்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்."